கதிரை மதுஷனுக்குக் கண்ணீர் அஞ்சலி

ஆரையம்பதியில் ஒருவர் செத்தால் முதலில் வந்து சேர்வது சொந்தக்காரர் அல்ல, அவர்கள் இருக்கப்போகும் கதிரை. வாசலில் கதிரை இறங்கிய பிறகுதான் அக்கம்பக்கத்தார் செத்தது உண்மை என்று நம்புவார்கள். அந்தக் கதிரைகளை லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு மெஷினின் பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஓட்டி வருகிறவன் மதுஷன். வயது இருபத்தேழு. அதே கதிரை கலியாண வீட்டுக்குப் போகும் நாளில் முகத்தை மாற்றிக்கொள்வான். கதிரைக்கு அந்தச் சிரமம் இல்லை.

முந்நூறு பிளாஸ்ரிக் கதிரை, இரண்டு பந்தல், ஒரு சவுண்ட் செட். இதுதான் அவன் இராச்சியம். இராச்சியத்துக்குச் சில சட்டங்களும் உண்டு. செத்த வீட்டுக்கு வெள்ளைக் கதிரை மட்டும். கலியாணத்துக்கு எது கேட்டாலும் கொடுக்கலாம். கட்சிக் கூட்டத்துக்குக் கால் வெடித்தவை. "அங்க ஆரும் கனநேரம் இரிக்கிறதில்ல" என்பான். இதுவரை ஒரு கட்சியும் குறை சொன்னதில்லை.

இரண்டு வருசத்துக்கு முதல் சுலோஜனாவைக் கட்டினான். மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மற்ற மாப்பிள்ளைமார் ஒரு பையோடு போய் இறங்குவார்கள். இவன் ஒரு பையோடும் முந்நூறு கதிரையோடும் போய் இறங்கினான். மாமியாரின் முற்றம் அன்றோடு ஒழிந்தது. தாய் சீதேவிப்பிள்ளை இரண்டு ஒழுங்கை தள்ளித் தனியே இருந்தாலும் காலைப் பிட்டு அங்கேதான். சுலோஜனாவுக்கு அதில் கொஞ்சம் புகைச்சல். அதை இங்கே கிளற வேண்டாம்.

றுமைஸ் என்று ஒரு கூட்டாளி இருந்தான். இருந்தான் என்றதும் செத்தது அவன்தான் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கதையில் செத்தவன் மதுஷன்.

இரண்டு பேரும் புளியந்தீவில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கில் பக்கம் பக்கமாக இருந்தவர்கள். காலையில் மதுஷன் ஆரையம்பதியில் பஸ் ஏறி, பக்கத்து இருக்கையில் புத்தகப் பையைப் போட்டு அதன்மேல் கையையும் போட்டுக்கொள்வான். கர்ப்பிணி வந்தாலும் கையை எடுக்க மாட்டான். எடுக்காததற்கு எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறான். காத்தான்குடியில் றுமைஸ் ஏறி வந்து, ஏதோ வாப்பா வாங்கிக் கொடுத்த இடம் போல அதில் சாய்வான். ஒரு நாள் அந்த பஸ்ஸின் கதவு அவனுடைய வலது மோதிர விரலைக் கடித்தது. நகம் பாதிதான் திரும்ப முளைத்தது. அந்த அரை நகத்தால் வகுப்பில் எல்லாருடைய முதுகையும் கீறிக்கொண்டு திரிந்தான்.

இன்னொரு நாள் யாருடையதோ தோணியை அவிழ்த்துக்கொண்டு வாவிக்குள் போனார்கள். தோணி புரண்டது. றுமைஸுக்கு நீந்தத் தெரியாது. அல்லாஹ்வைக் கூப்பிட்டான், உம்மாவைக் கூப்பிட்டான், கடைசியில் மதுஷனைக் கூப்பிட்டான். மதுஷன் அவனுடைய சேர்ட் கொலரைப் பிடித்துத் தூக்கி, "எழும்பி நில்லுடா விசரா, தண்ணி இடுப்பளவு" என்றான். றுமைஸ் எழும்பி நின்றான். தண்ணீர் இடுப்பளவுக்கும் குறைவு. அதற்குப் பிறகு அதைப் பற்றி வகுப்பில் வாய் திறக்கக் கூடாது என்று மதுஷனிடம் சத்தியம் வாங்கினான். மதுஷன் சத்தியத்தை ஒன்றரை நாள் காப்பாற்றினான்.

உயர்தரம் படிக்கும்போது இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில் சிம் வாங்கினார்கள். றுமைஸ் அதற்குப் பிறகு மூன்று தரம் நம்பர் மாற்றிவிட்டான். மதுஷன் மாற்றவில்லை. கதிரை யாவாரத்தில் நம்பரை மாற்றுவது கடையை மாற்றுவதைவிட மோசம்.

பரீட்சைப் பெறுபேறு வந்தது. றுமைஸ் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். மதுஷனுக்கு மூன்று பாடத்துக்கும் வந்ததை எழுத F என்ற ஒரே ஒரு எழுத்துப் போதும். முதல் வருசம் தினமும் பேசினார்கள். பிறகு வெள்ளிக்கு வெள்ளி. பிறகு பெருநாளுக்கும் பொங்கலுக்கும் ஒரு வாழ்த்துப் படம். அதுவும் ஊருக்கெல்லாம் அனுப்பிய படம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நூல் அறுந்தால் சத்தம் கேட்கும். இது இற்றுப்போனது.

மூன்று வருசத்துக்கு முதல் மதுஷனின் அப்பா செத்தார். சொந்த அப்பனின் செத்த வீட்டுக்கும் மதுஷன்தான் கதிரை இறக்கினான். வேறு ஆளிடம் எடுத்தால் ஊர் சிரிக்கும். பதினேழாவது கதிரையையோ பதினெட்டாவதையோ இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத கொழும்பு நம்பர். கொழும்பிலிருந்து அடிக்க வேறு ஆளில்லை, யார் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. நேரில் வரவேண்டியவன் போன் அடிக்கிறான் என்று ஒரு கோபம். எடுக்கவில்லை. குளித்துவிட்டு எடுப்போம் என்று நினைத்தான். பிறகு நாளைக்கு என்று நினைத்தான். ஒரு மாதம் போன பிறகு என்ன சொல்லி எடுப்பது என்று தெரியவில்லை. அவ்வளவுதான். அந்தப் பக்கமிருந்தும் பிறகு ஒன்றும் வரவில்லை.

இப்போது மதுஷன் செத்த நாளுக்கு வருவோம்.

அன்று ஒரு புதன்கிழமை. கல்லடியில் ஒரு கலியாண மண்டபத்தில் முதல் நாள் போட்ட கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இரவு முழுக்கச் செத்துக் கிடந்த போனுக்கு மண்டபத்துக் கரண்டில் அப்போதுதான் உயிர் வந்திருந்தது. அடித்தவர் இளையதம்பி, ஊர் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். எழுபது வயது. போனில் யாருடைய பெயரையும் பதிய மாட்டார், தொழிலைத்தான் பதிவார். பெட்டி, ஐயர், மேளம், கதிரை.

"கதிரையா?"

"ஓம் அண்ணன், சொல்லுங்க."

"அவசரமா ஒரு செத்த வீடு மனே. நூறு கதிரை, பெரிய பந்தல். நம்மட சீதேவிப்பிள்ளையக்காட வீட்ட."

மதுஷன் அடுக்கிய கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டான். காலையில் பிட்டுக்கு இன்னொரு கரண்டி சம்பல் கேட்டதும், அவள் "உன்ட பொண்டாட்டி ஒண்டும் தாறதில்லையா" என்று கேட்டதும், அதற்கு அவன் முறைத்துவிட்டு வந்ததும் எல்லாம் ஒரேயடியாக நெஞ்சில் ஏறின.

"அம்மாவா?" என்றான்.

"சீச்சீ, அக்கா கல்லு மாதிரி இரிக்கா. மகன்தான். மதுஷன். நல்ல பொடியன், பாவம், இளம் வயசு. வெள்ளைக் கதிரையே தா என்ன."

"அண்ணன்... நான்தான் மதுஷன்."

"நீ கதிரையெல்லோ?" என்றார் இளையதம்பி.

கதிரையும் மதுஷனும் ஒரே ஆள் என்பதைக் கிழவனுக்கு விளங்கப்படுத்தச் சரியாக ஆறு நிமிடம் எடுத்தது. விளங்கிய பிறகும் அவர் முழுதாக நம்பவில்லை. "சந்தியில பெனர் தொங்குதே மனே" என்று குறைப்பட்டுக்கொண்டார். பெனர் தொங்கிய பிறகு உயிரோடு இருப்பது ஒரு ஒழுங்கீனம் என்பது போல இருந்தது அந்தக் குரல்.

பெனர் தொங்கத்தான் செய்தது. பத்தடிக்கு ஆறடி. மேலே கண்ணீர் அஞ்சலி. ஒரு பக்கம் எரியும் விளக்கு, மறுபக்கம் மறையும் சூரியன், கீழே ஒரு கூடை ரோசாப்பூ. நடுவில் பதினெட்டு வயது மதுஷன், மீசை என்று அவன் மட்டும் நம்பிய ஒரு நிழலோடு சிரித்துக்கொண்டிருந்தான். அமரர் மதுஷன், வயது 27. லாண்ட்மாஸ்டரை நிறுத்தி நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றவனைக் கண்டு, சைக்கிளில் வந்த ஒரு மனிசன் சைக்கிளோடு வடிகானுக்குள் போனார்.

மதுஷன் தன் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தில் அவனுடைய இடது தோளில் நான்கு விரல்கள் கிடந்தன. பக்கத்தில் நின்றவனை வெட்டிவிட்டார்கள், விரல்களை வெட்ட முடியவில்லை. மோதிர விரலில் நகம் பாதிதான் இருந்தது. இந்தப் படம் உலகத்தில் இரண்டே இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவன் அவன்.

தாய் வீட்டில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சுலோஜனா மட்டும் வரவில்லை; புருசன் கல்லடிக்குக் கதிரை ஏற்றப் போனதைக் கண்டவள், இதை நம்பவில்லை. சித்தாண்டியிலிருந்து மாமி முறையான ஒருத்தி பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து, இறங்கும்போது குடையை விட்டுவிட்டு, இப்போது குடைக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள். நடுவில் சீதேவிப்பிள்ளை தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். மகன் படலையைத் திறந்துகொண்டு வந்ததும் ஒப்பாரி பாதி அடியில் நின்றது.

"அம்மா, காலையில நான்தானே வந்து பிட்டுத் திண்டுத்துப் போனன்? உனக்குமா தெரியாது?"

"தெரியும்டா. பிட்டுத் திண்டவன் எப்பிடிச் சாவான் எண்டுதான் நானும் கேட்டன். ஆரு கேட்டா? போனும் அடிச்சிப் பாத்தம், உன்ட போன் வேல செய்யல்ல. ஊரே வந்து இருந்து அழேக்க நான் மட்டும் சும்மா இரிக்கேலுமா?" என்றவள், எழும்பி வந்து அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பிறகு அதே கன்னத்தைத் தடவி, இந்த முறை உண்மையாகவே அழுதாள்.

அழ வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று தேத்தண்ணீர் ஊற்றினார்கள். மதுஷனே கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு பேர் அவன் கையால் வாங்கப் பயந்தார்கள்.

பெனர் அடித்தது காத்தான்குடி எல்லையில் கடை வைத்திருக்கும் சரீப் காக்கா, முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். செத்த வீடென்றால் இவன் கதிரை, அவர் பெனர். எத்தனை வருசத் தொழில் உறவு. மதுஷன் கடைக்குள் காலை வைத்ததும் மனிசன், சாவுக்குச் சொல்லும் "இன்னாலில்லாஹி"யைச் சொன்ன வாயை மூடாமல் கதிரையில் இருந்துவிட்டார். அதுவும் மதுஷனின் கதிரைதான், போன நோன்புக்கு இரவல் வாங்கியது திரும்பி வரவில்லை.

"என்ன காக்கா செஞ்சி வெச்சிரிக்கிங்க?"

"தம்பி, கொழும்பு நம்பரிலரிந்து ஒரு பொடியன் வட்ஸ்அப்பில படத்த அனுப்பினான். பேர் கபிலனாம், வயசு பதினெட்டாம். நான் படத்தப் பாத்தன். இது நம்மட மதுஷன், இவனுக்கு எப்ப கபிலன் எண்டு பேர் வெச்ச? ஒனக்கு அடிச்சன், போன் ஓஃப். வேற என்ன நினைக்கிற? மௌத்தான பிள்ளைட பேரையும் வயசையும் பிழையா அடிச்சுக் குடுக்க எனக்கு மனசு வரல்ல. திருத்தினன்."

"சரி, சந்தியில ஆரு கட்டின?"

சரீப் காக்கா தலையைக் குனிந்தார். "அவனுகள் ஒண்டுதான் கேட்டானுகள். ஒனக்கு ஒண்டு காணுமா? நான் என்ட காசில ரெண்டாவது அடிச்சு, காலையில நானே ஏணி வெச்சுக் கட்டினன். வெள்ளன அழுதும் போட்டன்."

இப்படியான மனிசனை என்னவென்று ஏசுவது? மதுஷன் ஏசவில்லை. பெனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு கேட்டான்: "அனுப்பின பொடியன் ஆரு?"

"சினிமாக் கூட்டமாம். புளியந்தீவு வாவிக் கரையில படம் புடிக்கிறானுகள். பெரிய டைரக்டராம். காத்தான்குடிப் பொடியன்தானாம்."

மதுஷனுக்கு இப்போது ஒரே ஒரு காரியம்தான் வேண்டியிருந்தது. தன்னை ஏன் கொன்றான் என்று றுமைஸ் தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பெனரை லாண்ட்மாஸ்டரில் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டினான்.

வாவிக் கரையில் ஒரு பழைய வீட்டைச் செத்த வீடாக்கியிருந்தார்கள். வெள்ளைக் கொடி, வாழை, பந்தல், எல்லாம் சரி. பந்தலுக்குள் எட்டிப் பார்த்த மதுஷனுக்கு இரத்தம் கொதித்தது. கதிரைகளின் முதுகில் களுவாஞ்சிகுடிக்காரன் ஒருவனின் அடையாளம் இருந்தது. பத்து நிமிட ஓட்டத்தில் கூட்டாளி இருக்க, கதிரையைக் களுவாஞ்சிகுடியில் எடுத்திருக்கிறான்! கொன்றதைக்கூட மன்னிக்கலாம். அதுவும் நீலக் கதிரை.

பள்ளிச் சீருடையில் ஒருவன் மரத்தடியில் நின்று முட்டை தின்றுகொண்டிருந்தான். புயம் இரண்டும் பலாக்காய் போல இருந்தன. அவன்தான் கபிலனாக நடிப்பவன் என்று யாரோ சொன்னார்கள். அதாவது மதுஷனாக. மதுஷன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். கபிலனின் கூட்டாளியாக நடிக்கும் மெலிந்த பொடியன் சற்றுத் தள்ளி நின்று வசனம் பாடமாக்கிக்கொண்டிருந்தான்.

"ஹாய் நண்பா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

றுமைஸ். தாடி, தொப்பி, கழுத்தில் ஒரு கறுப்பு மெஷின். நேரில் கண்டு ஒன்பது வருசம். இருவரும் கட்டிப் பிடிக்கவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை.

"நண்பாவா?" என்றான் மதுஷன். "எந்த ஊர்க் கதையடா இது?"

றுமைஸுக்குக் காது சிவந்தது. "மச்சான்" என்றான் மெதுவாக.

மதுஷன் பெனரைத் தரையில் விரித்தான். சுற்றி நின்றவர்கள் பெனரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வசனம் பாடமாக்கிய பொடியன் இரண்டடி பின்னால் போனான்.

"அம்மா ஒப்பாரி வெச்சுத்தா. சித்தாண்டியிலரிந்து ஆள் வந்துத்து. என்னத்துக்கடா என்னக் கொண்டாய்?"

"பேரை மாத்தித்தான் குடுத்தன் மச்சான், சத்தியமா. உன்ட படத்த மாத்தத்தான் மனசு வரல்ல. அவர் திருத்துவார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சரீப் காக்காவ விடு. கபிலன எப்பிடிக் கொண்டாய்? அதச் சொல்லு."

"வாவியில. தோணி பிரண்டு. நீந்தத் தெரியாம."

"எனக்கா? எனக்கா நீந்தத் தெரியாது?" மதுஷன் கத்திய கத்தில் மரத்தடியில் முட்டை நின்றது. "அல்லாஹ்வே உம்மாவே எண்டு இடுப்பளவு தண்ணியில கத்தினவன் ஆரடா? அந்தத் தண்ணியில சாகிறதெண்டா ஒருத்தன் அதுக்கெண்டு மினக்கெட வேணும்!"

யாரோ சிரித்தார்கள். றுமைஸும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மதுஷனின் கையைப் பிடித்து வாவிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"மூணு தரம் எழுதினன் மச்சான். மூணு தரமும் நீ சாகல்ல. ரெண்டு பேர் பள்ளிக்கூடம் முடிஞ்சு பேசாம விட்டுட்டானுகள், அவ்வளவுதான் கதை. தயாரிப்பாளர் கேட்டார், சண்டையா? இல்ல. பொம்பிளப் பிரச்சினையா? இல்ல. நீங்க முஸ்லிம், அவன் தமிழ், அதாலயா? அதும் இல்ல சேர். அப்ப என்னதான் நடந்த? ஒண்டும் நடக்கல்ல சேர். ஒண்டும் நடக்காட்டி அது படமில்லையாம். நாலாவது தரம் உன்னச் சாகடிச்சன். உடனே காசு போட்டார்."

"தயாரிப்பாளருக்காகவா கொண்டாய்?"

றுமைஸ் வாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இல்லடா. நீ செத்துப் போயிருந்தா, நான் உனக்கு அடிக்காததுக்கு ஒரு ஞாயம் இரிக்கும். நீ உயிரோட இரிக்கேக்க நான் அடிக்கல்ல. அத எப்பிடியடா படம் எடுக்கிற?"

மதுஷனுக்குக் கோபம் வரவேண்டும். வரக் காணோம்.

"ஒருக்கா அடிச்சாய்தானே" என்றான். "அப்பாட செத்த வீட்டண்டு."

"நீ எடுக்கல்ல."

"பாத்துக்கொண்டுதான் நிண்டன். எடுக்கல்ல. வராம அடிக்கிறானே எண்டு வயித்தெரிச்சல்."

"அண்டைக்கு எனக்கு லீவு கிடைக்கல்ல" என்ற றுமைஸ், தானே தலையை ஆட்டிக்கொண்டான். "கேட்டாத்தானே கிடைக்கும். கேக்கல்ல. மறுகா வெக்கமாப் போச்சு. ஊருக்கு வந்தாலும் உன்ட கண்ணில படாமப் போயிடுவன். அதாலதான் கதிரையையும் அங்க..."

"கதிரையப் பத்திப் பேசாத. பேசினா இப்பவே வாவிக்குள்ள தள்ளுவன். உனக்கு இன்னும் நீந்தத் தெரியாது."

இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு உதவி இயக்குநர் ஓடி வந்து வெளிச்சம் போகிறது என்று கத்தினாள். மதுஷன் பந்தலைத் திரும்பிப் பார்த்தான். அவனால் தாங்க முடியவில்லை.

"டேய், செத்த வீட்டில இப்பிடி ஆரடா கதிரை போடுவான்? பள்ளிக்கூடப் பரிசளிப்பு மாதிரி நேர் நேரா?"

தன் செத்த வீட்டுக்குத் தானே இறங்கிக் கதிரை போட்டான். வரிசையைக் கலைத்தான். நாலு நாலாக, ஐந்து ஐந்தாக, ஆண்கள் முகம் பார்த்து அரசியல் கதைக்கும்படி திருப்பினான். பெட்டிக்குப் பக்கத்தில் முதல் வரிசையை வெறுமையாக விட்டான், அங்கே யாரும் இருப்பதில்லை. படலையோரம் இரண்டு கதிரை, வெற்றிலை போடுகிறவர்களுக்கு. நீலம் நீலம்தான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. முடிந்ததும் றுமைஸ் பார்த்துவிட்டு, "அப்பிடியே எங்கட ஊரு" என்றான். மதுஷன் கடைசிக் கதிரை ஒன்றில் போய் இருந்துகொண்டான். யாரும் அவனை எழும்பச் சொல்லவில்லை. ஊர்ச் சனமாக நடிக்க வந்தவர்கள் அவனைவிட்டு ஒரு கதிரை தள்ளியே இருந்தார்கள்.

எடுக்கப்போகும் காட்சி இதுதான். கபிலன் பெட்டிக்குள் கிடப்பான். மெலிந்த பொடியன், பெயரையும் வயதையும் கடதாசி ஒட்டித் திருத்திய கபிலனின் பெனருக்கு முன்னால் நின்று, செத்தவனின் நம்பருக்கு அடிப்பான். மணி போகும். யாரும் எடுக்க மாட்டார்கள். அவன் அழுவான்.

முதல் தரம் பொடியன் சும்மா திரையைத் தட்டினான். றுமைஸுக்குப் பிடிக்கவில்லை. "பொய்யாத் தெரியிது. உண்மையா ஒரு நம்பர அடி" என்றான்.

"எந்த நம்பர் சேர்?"

றுமைஸ் சொன்னான். போனைப் பார்க்கவில்லை, கடதாசியைப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. பத்து இலக்கத்தையும் வாய்ப்பாடு போலச் சொன்னான். அந்த இலக்கங்களை இங்கே எழுதினால் நாளைக்கே நாலு பேர் கதிரை கேட்டு அடிப்பார்கள், வேண்டாம். கடைசிக் கதிரையில் இருந்தவன் நிமிர்ந்தான். மூன்று வருசமாக அடிக்காத நம்பரை இவன் எங்கே வைத்திருந்தான்?

"சைலன்ஸ்" என்று யாரோ கத்தினார்கள். கமெரா ஓடியது. பொடியன் ஒவ்வொரு இலக்கமாக அடித்துப் போனைக் காதில் வைத்தான். கண் கலங்கி நின்றான், நன்றாகத்தான் நடித்தான்.

மதுஷனின் காற்சட்டைப் பைக்குள் போன் அடித்தது. சவுண்ட் செட்காரனின் போன் வேறு, பந்தலே அதிர்ந்தது. எல்லாரும் திரும்பினார்கள். உதவி இயக்குநர் கையால் கழுத்தை அறுத்துக் காட்டினாள், நிறுத்து என்று. மதுஷன் போனை வெளியே எடுத்தான். தெரியாத கொழும்பு நம்பர். நிறுத்திவிடலாம். படத்துக்கு அதுதான் நல்லது, செத்தவன் எடுக்கக் கூடாது. முன்பு ஒரு நாள் இதே மாதிரி கதிரைகளுக்கு நடுவில் நின்று, இதே மாதிரி ஒரு நம்பரைப் பார்த்துக்கொண்டு அடித்து ஓய விட்டவன்தான் அவன்.

பச்சையை அழுத்திக் காதில் வைத்தான்.

"ஹலோ" என்றான்.

பெனருக்கு முன்னால் நின்ற பொடியன் அலறிக்கொண்டு போனை எறிந்தான். பெட்டிக்குள் கிடந்த கபிலன் எழும்பி உட்கார்ந்தான். வெளிச்சம், காட்சி, காசு, எல்லாம் கெட்டது. றுமைஸ் கமெராவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஏன்டா எடுத்தாய்?"

"நீ அடிச்சாய்" என்றான் மதுஷன். "எடுத்தன்."

றுமைஸ் அரை நகத்து விரலால் கண்ணைத் துடைத்தான். பிறகு கீழே கிடந்த போனை எடுத்துப் பொடியனிடம் கொடுத்தான்.

"வேற நம்பர அடி தம்பி" என்றான். "இதில ஆள் எடுக்கும்."